அலமாரியில் உறங்கும் சப்பாத்து

திருமண ஓலை கோவிலில் வாசிக்கப்பட்டதும் நம் இல்லங்களில் பேச்சு முழுவதும் பட்டுச்சேலையையும் தாலிக்கொடியையும் பந்தியையும் சுற்றியே நிகழும். மணமகன் காலில் எதை அணிந்து பீடத்தின் முன் நிற்கப் போகிறான் என்ற கேள்வி, திருமணத்துக்கு இரண்டு நாள் முன்னர்தான் எவருக்கேனும் தோன்றும். உடனே கடைத்தெருவுக்கு ஓடி, பளபளப்பதையெல்லாம் தோல் என்று நம்பி ஒரு சோடியை வாங்கி வருவார்கள். திருமணம் முடிந்ததும் அது பெட்டிக்குள் புகும். பெட்டி அலமாரிக்குள் புகும். அடுத்த திருமணம் வரையில் அங்கேயே உறங்கும். இந்த உறக்கத்தைப் பற்றித்தான் இம்மாதம் வாசகரோடு சிறிது பேச விழைகிறோம். காலணியைப் பற்றிக் குடும்ப இதழில் எழுத என்ன கிடக்கிறது என்று முகம் சுளிக்க வேண்டா. கிடக்கிறது, நிறையவே கிடக்கிறது.

நம் முன்னோர் இதனைச் சப்பாத்து என்றே வழங்கினர். சாவி, அலமாரி, மேசை, பாதிரி ஆகிய சொற்களைப் போல இதுவும் போர்த்துக்கீசியர் நமக்கு விட்டுச்சென்ற சொல்லே. பதினாறாம் நூற்றாண்டில் அவர்கள் வந்து தங்கிய பழவேற்காடு, கும்மிடிப்பூண்டியிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. இலங்கைத் தமிழர் இன்றளவும் இச்சொல்லைக் கைவிடவில்லை. நம் பக்கத்திலோ அது பூட்ஸாகி, பின்னர் ஷூவாயிற்று.

நம் தந்தையார் எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் எழுத்தராகப் பணியாற்றியவர். அவரிடம் இரண்டு சோடி சப்பாத்துகள் இருந்தன; கறுப்பு ஒன்று, பழுப்பு ஒன்று. இரண்டும் சென்னைப் பெரியமேட்டில், காலைத் தாளின்மீது வைத்துப் பென்சிலால் வரைந்து அளவெடுத்துத் தைக்கப்பட்டவை. ஒரு நாள் அணிந்ததை மறுநாள் அணியமாட்டார். எழுத்தருக்கு இரண்டு சோடி எதற்கு, இது என்ன மிடுக்கு என்று நம் பாட்டியார் கடிந்துகொண்டதுண்டு. ஆனால் கணக்கு பாட்டியார் பக்கம் இல்லை. கால் நாள் முழுவதும் வியர்க்கிறது. அவ்வியர்வையைத் தோல் உறிஞ்சிக்கொள்கிறது. அது முற்றிலும் உலர ஒரு பகலும் ஓர் இரவும் போதா. ஈரம் காயுமுன் மீண்டும் மீண்டும் அணியப்படும் தோல், மடியும் இடங்களில் வெடித்துவிடும். இரண்டு சோடியை மாற்றி மாற்றி அணிபவர், ஒன்று தேய்ந்தபின் மற்றொன்று என்று அணிபவரைவிட நெடுங்காலம் அவற்றை ஆள்வார். தந்தையாரின் பழுப்புச் சோடி, நான்கு முறை அடித்தோல் மாற்றப்பட்டு, பத்தொன்பது ஆண்டுகள் உழைத்தது.

சனிக்கிழமை மாலையில் திண்ணையில் பழைய செய்தித்தாளை விரித்து, வீட்டிலுள்ள சப்பாத்துகள் அனைத்தையும் வரிசையாக நிறுத்துவார். நாடாக்களை உருவி எடுத்தபின்னரே பிரஷ்ஷைத் தொடுவார். நாடாவை அவிழ்க்காமல் காலைத் திணிப்பவரைக் கண்டால் அவருக்குச் சினம் பொங்கும். குதிகால் பகுதி நசுங்கிவிட்ட சப்பாத்தை எந்தத் தொழிலாளியாலும் முழுமையாக நிமிர்த்த முடியாது என்பார். கடைகளில் விற்கும் கொம்பு அவரிடம் இல்லை. பழைய எவர்சில்வர்க் கரண்டியின் காம்பைக் குதிகாலில் வைத்து வழுக்கிக்கொண்டு இறங்குவார். அக்கரண்டியைக் குழம்புக்கு எடுத்துவிடாதபடி அன்னையார் அதில் ஒரு சிவப்பு நூல் கட்டி வைத்திருந்தார்.

இத்தோல் எங்கிருந்து வருகிறது என்பதையும் சற்று எண்ணிப் பார்ப்போம். திருவள்ளூர் வழியே மேற்கு நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை, தென்னகத்தின் முதல் பயணிகள் இருப்புப்பாதை. 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை திறக்கப்பட்டது. வாலாஜாவை அடுத்தது இராணிப்பேட்டை. அதே தண்டவாளத்தில் மேலும் சென்றால் ஆம்பூர், வாணியம்பாடி. திருவள்ளூர் நடைமேடையில் நின்று நாம் பார்க்கும் தண்டவாளம் நேரே தோல் நாட்டுக்குத்தான் போகிறது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் இட்டு வாரக்கணக்கில் ஊறவைத்துப் பதனிட்ட தோல், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சென்னையிலிருந்து கப்பலேறி இங்கிலாந்து சென்றது. 'ஈ.ஐ. தோல்' என்ற பெயரில் அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. பின்னர் குரோமிய உப்பால் ஓரிரு நாளில் பதனிடும் முறை வந்தது. சென்னையை அடுத்த குரோம்பேட்டை தன் பெயரை அம்முறையைக் கையாண்ட தொழிற்சாலையிடமிருந்தே பெற்றது. 1948-இல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. 1973-இல் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. அதன்பின் தோலாக அனுப்பிக்கொண்டிருந்த ஊர்கள் சப்பாத்தாகவே செய்து அனுப்பத் தலைப்பட்டன. இன்று ஆம்பூரில் மேல்தோல் தைக்கும் கைகளுள் பெரும்பாலானவை பெண்களின் கைகள்.

இதன் விலையை ஏழைகளே மிகுதியாகக் கொடுத்துள்ளனர். பாலாற்றங்கரையில் கிணறுகள் கெட்டன, நிலங்கள் உவர்த்தன. வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்சநீதிமன்றம், மாசு செய்தவரே அதற்கு ஈடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2015 ஜனவரி 31 அன்று, பொழுது புலருமுன், இராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் தோல் கழிவுநீரின் சேற்றைத் தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் இடிந்து விழ, அருகில் உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர் சேற்றில் மூழ்கி மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வட நாட்டு இளைஞர் தகரக் கொட்டகைகளில் தங்கியிருப்பதை நாள்தோறும் காணும் நமக்கு, அச்செய்தி அயலூர்ச் செய்தியாகப் படவில்லை. அதன்பின் ஓராண்டில் கிழிந்து குப்பைக்குப் போகும் சப்பாத்தை நம்மால் மலிவானது என்று கருத முடிவதில்லை.

ஆகவே வாங்கும்போதே கண்ணைத் திறந்து வாங்க வேண்டும். மணத்தை நம்பாதீர்கள், தோல் மணத்தையும் இக்காலத்தில் புட்டியில் விற்கிறார்கள். நாடாவின் கீழ் உள்ள நாக்கை வெளியே இழுத்து அதன் வெட்டிய ஓரத்தை உற்றுப் பாருங்கள். நார் நாராகத் தெரிந்தால் தோல். துணியின்மேல் பூசிய மெழுகுபோல் இரண்டு அடுக்காகத் தெரிந்தால் அது தோலன்று. அடுத்து, சப்பாத்தைக் கவிழ்த்து அடிப்பகுதியைக் காணுங்கள். கடைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு ஒட்டு ஷூக்களே. உயர்ந்த வகையில் மேல்தோலின் விளிம்பைச் சுற்றி 'வெல்ட்' எனப்படும் தோல்வார் ஒன்று தைக்கப்பட்டு, அவ்வாரோடு அடித்தோல் தனியே தைக்கப்பட்டிருக்கும். அடித்தோல் தேய்ந்தால் அத்தையலை மட்டும் பிரித்துப் புதிது தைத்துவிடலாம். மேல்தோலுக்கு ஊறு நேராது. தந்தையாரின் பத்தொன்பது ஆண்டுக் கதையின் இரகசியம் இதுவே. ஒட்டு ஷூவிலும் வேறு சோல் ஒட்டலாம். ஆனால் எத்தனை முறை?

இனி பராமரிப்பு. மேலை நாட்டுப் புத்தகங்களில் பனிக்கும் பனிக்கட்டிக்கும் சொல்லியிருக்கும் யோசனைகள் நமக்கு உதவா. நம் பகுதியின் பகைவர்கள் வேறு.

முதலாவது, தூசி. கும்மிடிப்பூண்டியில் இரும்பை உருக்கியும் உருட்டியும் கம்பியாக்கும் ஆலைகள் பல உண்டு. சாலையோரத் தூசியில் இரும்புத் துகள் கலந்திருக்கும். பட்டையால் பதனிட்ட தோல் ஈரமாக இருக்கையில் இரும்பு அதன்மேல் படிந்தால் கருநீலப் புள்ளிகள் தோன்றும். பிறகு எந்தப் பாலிஷும் அவற்றை நீக்காது. இது வியப்புக்குரியதன்று. கடுக்காயையும் அன்னபேதியையும் கலந்து நம் பாட்டனார் காலத்தில் எழுதும் மை காய்ச்சினார்களே, அதே வினைதான் இங்கும் நடைபெறுகிறது. ஆதலால் வீடு திரும்பியதும் உலர்ந்த பிரஷ்ஷால் தூசியைத் தட்டுவது முதல் வேலை. ஈரத் துணி அதன் பின்னரே.

இரண்டாவது, வடகிழக்குப் பருவமழை. நனைந்த சப்பாத்தை வெயிலில் வைப்போர் பலர். அடுப்பங்கரையில் வைப்போரும் உளர். ஈரத்தோல் சூடு கண்டால் சுருங்கும், விறைக்கும், பின்பு வெடிக்கும். உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஒரு மணி நேரம் கழித்து அதை எடுத்துவிட்டு வேறு தாள் திணித்து, அடித்தோலுக்கும் காற்றுப் படும்படி பக்கவாட்டில் சாய்த்து, நிழலில் இரண்டு நாள் விட்டுவிடுங்கள். அடித்தோல் ஈரமாயிருக்கும்போது நடந்தால், உலர்ந்தபோது தேய்வதைவிட மிக விரைவாகத் தேய்ந்துவிடும். காய்ந்தபின் வெண்கோடுகள் தெரிந்தால் அவை உப்பு. பழவேற்காடு, காட்டுப்பள்ளிப் பக்கத்தார் இதனை நன்கு அறிவர். நீரில் சிறிது வினிகர் கலந்து, அதில் தோய்த்துப் பிழிந்த துணியால் துடைத்தால் போகும்.

கார்த்திகையில் சாம்பல் பூத்தாற்போல் பூஞ்சை படரும். அதனை வீட்டுக்குள் தட்டாமல் முற்றத்துக்குக் கொண்டுபோய்த் துடையுங்கள், காற்றாட வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பது பூஞ்சைக்கு விருந்து வைப்பதேயாகும். பழைய தலையணை உறை போதும். காற்றும் போகும், தூசியும் படாது.

பாலிஷ் போடுவதைப் பற்றி ஆளுக்கொரு கொள்கை உண்டு. தேங்காய் எண்ணெய் தடவுவோர் உளர். தோல் தொளதொளத்துத் தூசியை அள்ளிக்கொள்ளும் என்பதன்றி வேறு பயன் கண்டோமில்லை. பஞ்சு முனையுள்ள குப்பியில் வரும் திரவப் பாலிஷ் அவசரத்துக்கு உதவும். அது தோலின்மேல் ஒரு படலத்தை ஒட்டிவிட்டுப் போவதால், நாளடைவில் அப்படலம் செதில் செதிலாக உரியும். டப்பா மெழுகே நன்று. பழைய பனியன் துணியை விரலில் சுற்றி, மிக மெல்லியதாகத் தடவி, பத்து நிமிடம் பொறுத்து, பின்பு பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். பெரும்பாலோர் தவறுவது அந்தப் பத்து நிமிடத்தில்தான். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை, பழைய மெழுகைத் துடைத்தெடுத்துவிட்டு, நிறமற்ற தோல் கிரீமைப் பூசினால் தோல் வறளாது. மெழுகு பளபளப்புக்கு, கிரீம் தோலின் பசிக்கு.

தொழிற்சாலையில் அணியும் இரும்பு முனைச் சப்பாத்துக்கும் இவை யாவும் பொருந்தும். அதை வாங்கும்போது ஐ.எஸ். 15298 என்ற முத்திரை உண்டா என்று பார்ப்பது காலைக் காப்பாற்றும். உருக்காலைப் பணியாளர் பலர் நாள்தோறும் பன்னிரண்டு மணி நேரம் ஒரே சோடியில் நிற்கிறார்கள். அவர்களிடம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அணியுங்கள் என்று அறிவுரை கூறுவது நகைப்புக்கிடமாகும். இரவில் நாடாவை முழுவதும் தளர்த்தி, உட்பக்கத் தகட்டை வெளியே எடுத்து மின்விசிறியின் கீழ் வைத்தாலேனும் பாதி ஈரம் போய்விடும்.

பெல்ட், டை, கைப்பொத்தான் இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெல்ட்டும் சப்பாத்தும் ஒரே நிறமாயிருத்தல் அழகு. பெல்ட்டை இறுகச் சுருட்டாமல் கொக்கியிலிருந்து தொங்கவிட வேண்டும். டையின் முடிச்சை அவிழ்க்காமல் அடுத்த திருமணத்துக்காக மாட்டி வைப்பவர்கள், அது கயிறாகத் திரிந்துபோனபின் வியக்கக் கூடாது. மே மாத வெயிலில் மணமகனுக்குக் கம்பளிக் கோட்டு எதற்கு என்பது நமக்கு இன்னும் விளங்காத மறைபொருள். அதனை இங்கே ஆராயப் போவதில்லை.

அலமாரி உறக்கத்துக்கு வருவோம். நம் மைத்துனர் ஒருவர், தமக்குப் பணி உயர்வு கிடைத்த ஆண்டில் வாங்கிய விலையுயர்ந்த சப்பாத்தை இரண்டே முறை அணிந்து, 'மகள் திருமணத்துக்கு ஆகும்' என்று பெட்டியில் வைத்திருந்தார். ஏழு ஆண்டுகள் கடந்தன. திருமண நாளும் வந்தது. மேல்தோல் அன்று வாங்கியதுபோல் மின்னியது. மகளின் கையைப் பிடித்துக் கோவிலின் நடுவழியில் அவர் பத்தடி எடுத்து வைத்ததும், பின்னால் வந்த பூச்செண்டுச் சிறுமி, "தாத்தா காலிலிருந்து கேக் உதிருது" என்று உரக்கக் கூறினாள். அடிப்பகுதி கரித்தூளாக உதிர்ந்து விரிப்பின்மேல் கோலமிட்டிருந்தது. மைத்துனர் சற்றும் கலங்காமல் இரண்டையும் கழற்றித் தூணோரம் ஒதுக்கிவிட்டு, காலுறையோடு மகளைப் பீடம் வரை அழைத்துச் சென்றார். நல்ல வேளையாக, நம் பங்குகள் பலவற்றைப் போல அங்கும் மணவீட்டாரின் முன்வரிசையைத் தவிர மற்றெல்லாரும் காலணிகளை வாயிலிலேயே கழற்றிவிட்டுத்தான் அமர்ந்திருந்தனர். ஆகவே அவர் ஒருவரும் விநோதமாகத் தோன்றவில்லை.

இதில் கடைக்காரரின் சூது எதுவுமில்லை. எடை குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பாலியூரித்தேன் என்ற பொருளால் பல சோல்கள் வார்க்கப்படுகின்றன. காற்றிலுள்ள ஈரம் அப்பொருளின் கட்டுக்கோப்பைச் சிறிது சிறிதாக அறுத்துவிடுகிறது. கடலோர மாவட்டத்தில், காற்றோட்டமில்லாத பெட்டிக்குள், இது இன்னும் விரைந்து நடக்கும். தோல் அடியும் நல்ல இரப்பர் அடியும் இவ்வாறு தூளாவதில்லை. எனவே திருமணத்துக்கென வைத்திருக்கும் சப்பாத்தை ஒரு மாதம் முன்னதாகவே எடுத்து, விரலால் சோலை அழுத்திப் பார்த்து, வீட்டுக்குள் நாலு நடை நடந்து பாருங்கள். ஞாயிறு திருப்பலிக்கு அவ்வப்போது அணிந்துவந்தால் இன்னும் நலம்.

இவ்வளவும் நாமே செய்யக்கூடியவை. குதிகால் தேய்ந்தால், தையல் விட்டால், நமக்கு ஒருவர் வேண்டும். அவரைப் பற்றிச் சொல்லும்போது நம் குரல் சற்றுத் தணிகிறது. தோலைத் தொட்டவரைத் தொடாதிருந்த சமூகம் நம்முடையது. கோவிலுக்குள் வந்த பின்னரும் நம்மவர் அதனை முற்றிலும் மறந்துவிட்டதாகச் சொல்வதற்கில்லை. யூதரிடையேயும் தோல் பதனிடுவோர் தாழ்வாகவே எண்ணப்பட்டனர். ஆயினும் யாப்பா நகரில் புனித இராயப்பர் பல நாள் தங்கியது தோல் பதனிடும் சீமோன் என்பவரின் வீட்டில்தான் என்று திருத்தூதர் பணி நூல் ஊரும் பெயரும் சுட்டிக் குறித்து வைத்திருக்கிறது.

நம் இரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு பெரியவர் அமர்ந்திருக்கிறார். ஒரு கறுப்புக் குடை, மூன்று முனையுள்ள இரும்புக் கட்டை, குத்தூசி, மெழுகு நூல், டயர்த் துண்டுகள். அவ்வளவே அவர் கடை. சென்ற மாதம் நம் கறுப்புச் சோடியைக் கொடுத்துவிட்டு அருகிலிருந்த கல்லில் அமர்ந்தோம். "பெரியவரே, எல்லாரும் புதிதாக வாங்குகிறார்களே, உமக்கு வேலை இருக்கிறதா?" என்றோம்.

"வேலை இருக்கு சார். ஹீலு தேஞ்சி தோலைத் தொட்டப்புறந்தான் எடுத்துக்கினு வராங்க. ஒரு மாசம் முன்ன வந்திருந்தா ஒரு ரப்பர் துண்டோட முடிஞ்சிருக்கும். இப்ப மொத்த ஹீலையும் பேக்கணும்" என்றார், நம்முடையதைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே. நம்முடையது காலத்தோடு வந்துவிட்டதாம்; அந்த மட்டில் நமக்கு மகிழ்ச்சி.

அவருக்கு இரண்டு மகன்கள். ஒருவர் வார்ப்பாலையில், மற்றவர் சரக்கு வண்டி ஓட்டுகிறார். இருவருக்கும் கைத்தொழில் தெரியுமாம். பிறகு ஏன் ஒருவரும் இங்கு வரவில்லை என்று கேட்டதற்கு, ஊசியில் நூல் கோக்கும் வரை பேசாமலிருந்தார்.

"நான்தான் வேணாம்னேன் சார். பொண்ணு கேக்கப் போனா, பையன் எங்க உக்காந்து வேலை பண்றான்னு கேப்பாங்க இல்ல?"

நாம் மறுமொழி கூறவில்லை. அவர் ஆணி அடிக்கத் தொடங்கினார். தேய்ந்த இரப்பரை நெம்பி எடுத்து, புதுத் துண்டை ஒட்டி, எட்டு ஆணிகள் அறைந்து, ஓரத்தைக் கத்தியால் சீவி, மை தடவி, கண்ணருகே உயர்த்திப் பார்த்துக் கொடுத்தார். அவர் கேட்ட கூலி, அதே பொழுதில் எதிர்க்கடையில் நாம் அருந்தும் இரண்டு காப்பியின் விலைதான். கூடுதலாகக் கொடுத்ததை வாங்க மறுத்து, "அடுத்த தடவை பழுப்பு ஷூவையும் எடுத்துக்கினு வாங்க, அதுல வலப்பக்கத் தையல் விட்டிருக்கு; போன வாரம் நீங்க நடந்து போறப்பவே பார்த்தேன்" என்றார்.

காலை ஒன்பது மணிக்கு வந்து, வெயில் ஏறும் வரை இருக்கிறார். கண் புரை அறுவைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அதன்பின் சில வாரங்கள் வரமாட்டார். ஐப்பசி மழையை அந்தக் குடை தாங்காது. அடிமாற்ற வேண்டியவற்றை வைத்திருப்போர் புரட்டாசி முடிவதற்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்.